ஒட்டுப்போட்ட மெகலோடன் பல்லைப் பிரித்தெடுத்த கதை

மெகலோடன் என்பது எப்போதோ அழிந்துபோன ராட்சதச் சுறா. புதைபடிவமாகக் கிடைக்கும் அதன் பல்லுக்கு விலை போடுவது நீளத்தை வைத்துத்தான். வேரின் ஓரத்திலிருந்து நுனி வரை சாய்வாக அளப்பார்கள். 10 செ.மீ. வரை சாதாரண விலை. அதற்கு மேல் போகப் போக விலை ஏறுவதில்லை, தாவுகிறது. 15 செ.மீ. தாண்டினால் அபூர்வம், 18 செ.மீ. என்பது கிட்டத்தட்ட உச்சம். இப்படி ஒரு கணக்கு இருக்கும்போது உடைந்த பல்லை உடைந்த பல்லாகவே விற்க யாருக்கு மனசு வரும்? இரண்டு மூன்று உடைசல்களைச் சேர்த்து ஒட்டி, இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, சாயம் பூசி முழுப் பல்லாக்கி விடுகிறார்கள்.

என்னிடம் வந்தது அந்த வகைப் பல். தெரிந்தேதான் வாங்கினேன். பினாங்கில் ஒருவர் தன் பழைய சேகரிப்பைக் கலைத்தார். நல்ல பற்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு இது தட்டில் மிஞ்சிக் கிடந்தது. கூடவே பழுப்பேறிய ஒரு சீட்டு: மேற்கு ஜாவா, சூராடே. அந்தச் சீட்டுக்காகவே காசு கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். சூராடே இருப்பது சுக்காபூமி மாவட்டத்தின் தெற்குப் பக்கம். அங்கே மெகலோடன் பற்கள் நிறையவே மண்ணிலிருந்து வருகின்றன. அப்படி வருபவற்றில் ஒட்டுவேலை செய்தவையும் நிறைய என்பது இந்தப் பக்கம் சேகரிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். பூச்சுக்கு அடியில் உண்மையில் எவ்வளவு பல் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், இருப்பதை மட்டும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

வேலை நடந்தது சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் வீட்டின் பின்பக்கம். அடுப்படியை நீட்டிக் கட்டி ஜிங்க் கூரை போட்ட இடம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. மழை தொடங்கிவிட்டால் அலமாரியில் வைத்த இடுப்புவார் கூடப் பூஞ்சை பிடிக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதைபடிவங்களைப் பராமரிப்பது பற்றி நமக்குக் கிடைக்கிற வழிமுறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதியவை. அவற்றை அப்படியே இங்கே செய்தால் சில இடங்களில் உதைக்கிறது. எங்கெங்கே என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எதையும் தொடாமல் பார்ப்பது. 10 மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், நல்ல பகல் வெளிச்சம், இவ்வளவு போதும். இருட்டில் டார்ச்சை அடித்ததும் பல்லின் எனாமல் மங்கலாகவே இருந்தது. நுனியும் வலது பக்க வேரும் வெளிர் நீலமாகப் பளிச்சிட்டன. பசையும் ரெசினும் பெரும்பாலும் இப்படி ஒளிரும். சில புதைபடிவங்கள் தாமாகவே ஒளிர்வதும் உண்டு, அதனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

கைக்கண்ணாடி இன்னும் அதிகம் சொன்னது. நுனியில் உருண்டை உருண்டையாகக் காற்றுக்குமிழ்கள். பல்லில் குமிழ் வராது, ரெசினில்தான் வரும். மெகலோடன் பல்லின் இரண்டு ஓரமும் ரம்பம் போல இருக்கும். நுணுக்கமான, ஒழுங்கான ரம்பம். ஆனால் அது பயன்படுத்திய ஆயுதம், ஆங்காங்கே தேய்ந்தும் சிதைந்தும் இருந்தாக வேண்டும். இந்தப் பல்லின் நுனிப் பக்கம் கடைசி ஒரு அங்குலத்துக்கு ரம்பம் அரத்தால் கீறியதாக இருந்தது, பள்ளங்களில் சாயம் தேங்கியிருந்தது. அடுத்தது வேர். அசல் வேரில் பெரிதும் சிறிதுமாக நுண்துளைகள் இருக்கும். வலது வேரிலும் துளைகள் இருந்தன, எல்லாம் ஒரே ஊசியால் குத்தியவை. செய்தவர் பொறுமைசாலி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நேரத்தில் பெரியப்பா வந்தார். தோட்டத்து ரப்பர் ஆலையில் பால் உறைய வைக்கும் பகுதியில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். பல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, இது பல்லா, கல்லா?"

"ரெண்டும்தான் பெரியப்பா. பல்லா இருந்து கல்லா போனது."

"கல்லுக்கா காசு குடுத்த?"

அவர் கேட்ட முதல் கேள்வி லேசான கேள்வி இல்லை. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக இதைக் கல் என்றுதான் நினைத்திருந்தார்கள். மால்டா தீவில் பாறையிலிருந்து கிடைத்தவற்றை நாக்குக் கல் என்று சொல்லி விஷமுறிவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ பக்கம் ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை அறுத்து ஆராய்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ, வாயில் இருக்கும் பல்லும் அந்தக் கல்லும் ஒன்றுதான் என்று 1667-இல் எழுதினார். பாறை அடுக்கடுக்காகப் படிந்தது எப்படி என்று அவர் யோசிக்கத் தொடங்கியதும் இங்கிருந்துதான். சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான், அது சீக்கிரம் மட்கிப்போகும். பல்லோ வாழ்நாள் முழுக்க உதிர்ந்து முளைத்துக்கொண்டே இருக்கும், ஒரே சுறா ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிடும். அதனால்தான் முழுச் சுறா கிடைப்பது அரிது, பல் மட்டும் உலகமெங்கும் கிடைக்கிறது.

அப்புறம் பிரிக்கும் வேலை. எளிதில் கரைவதிலிருந்து தொடங்கிக் கரையாததை நோக்கிப் போக வேண்டும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். வெள்ளைப் பசையும், பசையில் மணலைக் குழைத்துப் பூசியதும் இதிலேயே இளகிவிடும். மொரோக்கோவிலிருந்து வரும் பற்களில் இந்த மணல் பூச்சு அதிகம். இதில் தண்ணீருக்கு எதுவும் அசையவில்லை.

அடுத்தது அசிட்டோன். நகச்சாயம் அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். சுத்தமான அசிட்டோன் ரசாயனப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். இது சட்டென்று தீப்பிடிக்கும். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து போகும். பின்பக்கக் கதவைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்து, சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரியாத நேரமாகப் பார்த்துத்தான் மூடியைத் திறந்தேன். கையில் நைட்ரைல் உறை. பஞ்சுக் குச்சியை நனைத்து உருட்ட உருட்டப் பழுப்புச் சாயம் வந்துகொண்டே இருந்தது. சாயத்துக்கு அடியில் சாம்பல் நிறப் பட்டி.

சாயம் போனதும் பல்லின் நடுவே குறுக்காக ஒரு கோடு தெரிந்தது. சூப்பர் குளூ போட்டு ஒட்டிய இடம். அந்த வகைப் பசை அசிட்டோனில் ஊறினால் இளகும், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில் அசிட்டோன் ஊற்றிப் பல்லை உள்ளே வைத்து, நிழலில் விட்டுவிட்டேன். பொழுது விடிந்து பார்த்தால் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. முறிவு சுத்தம், இரண்டு முகமும் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் பொருந்தின. ஆக மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே பல்தான். நல்ல செய்தி.

பட்டிதான் அடம் பிடித்தது. எபாக்சி வகை அசிட்டோனில் கரையாது, கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். சூட்டுக்கு மட்டும் இளகும். இங்கே ஒரு எச்சரிக்கை: அசிட்டோனில் ஊறிய பல்லை நேராக ஹேர் டிரையர் முன்னால் கொண்டுபோகக் கூடாது. மணமே இல்லாத அளவுக்குக் காற்றில் உலர விட்டபிறகுதான் சூடு. அதுவும் தூரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவர வேண்டும். எனாமலும் உள்ளே இருக்கும் பகுதியும் ஒரே மாதிரி விரிவதில்லை, திடீரென்று சூடுபட்டால் எனாமல் வெடித்துவிடும். பெயின்ட் உரிக்கும் திரவங்கள் பட்டியையும் கரைக்கும்தான். அதிலிருந்து வரும் ஆவியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. சூடு, பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் கொக்கி, பொறுமை, இந்த மூன்றை வைத்தே துணுக்குத் துணுக்காகக் கழற்றினேன். அக்கா மகள் பள்ளி விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள். "மாமா, இந்த இடம் இன்னும் நீலமா இருக்கு" என்று அவள் காட்டுகிற இடமெல்லாம் பட்டிதான்.

கடைசியில் கையில் இருந்தது இதுதான். எனாமல் பகுதியில் முக்கால்வாசி அசல். நுனி முழுக்க ரெசின். இடது வேர் அசல். வலது வேர் அசல்தான், ஆனால் வேறு ஏதோ ஒரு சின்னப் பல்லுடையது. அதை ஒட்டிச் சுற்றிலும் பட்டி பூசிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். விற்றபோது 13 செ.மீ. என்று சொன்ன பல் இப்போது 10-க்கும் கீழே. விலைப்படி பார்த்தால் நாசம்.

ஆனால் இடது பக்கத் தோளில், எனாமலும் வேரும் சேரும் இடத்தில், பட்டியை எடுத்ததும் ஒரு சின்ன மேடு வெளியே வந்தது. பக்கப்பல். பெரிய பல்லின் இருபுறமும் காவலுக்கு நிற்பதுபோல் முளைக்கும் குட்டிக் கூம்பின் அடிப்பகுதி. மேல்பகுதி உடைந்துவிட்டது, ஆனாலும் ஓரத்தில் எனாமல் சுற்றி வருவது கண்ணாடியில் நன்றாகத் தெரிகிறது. பள்ளம் மேடாக இருப்பது அழகில்லை என்று செய்தவர் பட்டி வைத்துச் சமமாக்கிவிட்டார். அவர் மறைத்ததுதான் இந்தப் பல்லிலேயே முக்கியமான தகவல்.

ஏன் என்றால் மெகலோடனின் வம்சாவளியைச் சொல்வது இந்தப் பக்கப்பல்தான். மொரோக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களில் ஏராளமாகக் கிடைக்கும் ஒட்டோடஸ் ஒப்ளிக்கஸ் என்ற மூதாதைச் சுறாவின் பல்லில் பெரிய பக்கப்பற்கள் உண்டு, ஓரத்தில் ரம்பம் கிடையாது. பிறகு வந்த வகைகளில் ரம்பம் தோன்றிக் கூர்மையாகிக்கொண்டே வருகிறது, பக்கப்பல் சுருங்கிக்கொண்டே போகிறது. மெகலோடனுக்கு நேர் முந்தைய வகையான ஒட்டோடஸ் சுபுட்டென்சிஸ் வரை அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த மெகலோடனில் இல்லவே இல்லை, குட்டிகளின் பல்லில் மட்டும் சில சமயம் எட்டிப் பார்க்கும். அமெரிக்காவின் மேரிலாந்தில் கால்வெர்ட் குன்றுகளிலிருந்து எடுத்த பற்களை அடுக்கு வாரியாக ஒப்பிட்டு 2018-இல் வந்த ஆய்வு, இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை, சுமார் 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு இழுத்துக்கொண்டே போனது என்று காட்டியது. என் கையில் இருக்கும் பல் குட்டியின் அளவு இல்லை. அதனால் சீட்டில் மெகலோடன் என்பதை அடித்துவிட்டு, ஒட்டோடஸ், சுபுட்டென்சிஸ் அல்லது மெகலோடனுக்கு மாறும் நிலை என்று எழுதி வைத்தேன். எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாமல் அதற்கு மேல் பெயர் வைப்பது ஜோசியம்.

அடுக்கைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருந்தது. வேரின் பின்பக்கம் சுண்ணாம்புப் பாறை ஒரு தோலாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கேதான் பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாள் ஒரு போத்தலோடு வந்தார். ரப்பர் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட், சிறுதோட்டக்காரர்களுக்கு சுக்கா கெத்தா என்று விற்பது.

"இதுல போட்டா சுண்ணாம்பு நுரை தள்ளிட்டுப் போயிடும்லா. கையே வைக்க வேணாம்."

அவர் சொன்னது வெறும் தோட்டத்து வைத்தியம் இல்லை. அருங்காட்சியகங்களின் ஆய்வுக்கூடங்களிலேயே சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துப் புதைபடிவத்தை எடுக்க அசெட்டிக் ஆசிட்டும் பார்மிக் ஆசிட்டும்தான் பயன்படுத்துகிறார்கள், தண்ணீரில் நன்றாக நீர்க்கச் செய்து. சிக்கல் என்னவென்றால் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட், பல் கால்சியம் பாஸ்பேட். ஆசிட் முதலில் கார்பனேட்டைத் தின்னும், ஆனால் பாஸ்பேட்டையும் விட்டு வைக்காது. அதற்காகக் கரைசலிலேயே கால்சியம் பாஸ்பேட்டைக் கலந்து வைத்து ஆசிட்டின் பசியை அடக்குவார்கள். ஆசிட்டில் இருந்த நேரத்தைவிட அதிக நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுவார்கள். அந்தக் கட்டுப்பாடு எதுவும் நம் அடுப்படியில் கிடையாது.

அவர் மனசு நோகாமல் இருக்க, உடைந்த மொரோக்கோ பல் துண்டு ஒன்றை எடுத்து, நீர்த்த ஆசிட்டில் பாதி மட்டும் முங்கும்படி இரவு முழுக்க வைத்தோம். காலையில் முங்கிய பாதி பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது, முங்காத பாதி பழையபடியே மின்னியது. பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஊசியிலயே நோண்டு" என்று சொல்லிப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊசியில் நோண்டியதால் ஒரு லாபம். ஆசிட்டில் போட்டிருந்தால் காணாமல் போயிருக்கும் பாறைத் தூள் முழுவதும் கையில் இருக்கிறது. ஜாவாவின் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் போராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிர்களின் ஓடுகள் கிடைக்கும். லெப்பிடோசைக்ளினா போன்ற சில வகைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கே பெரிதாக இருக்கும். எந்த வகை இருக்கிறது என்று பார்த்தால் பாறையின் காலத்தை நெருக்கிச் சொல்ல நிபுணர்களால் முடியும். அதனால் தூளைச் சின்னக் குப்பியில் போட்டுப் பல்லின் எண்ணையே அதற்கும் எழுதி வைத்தேன். பல்லைப் பளபளவென்று சுத்தம் செய்து கொடுப்பவர்கள் கழுவி ஊற்றுவது இந்தத் தகவலைத்தான். ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணை வேண்டுமென்றே கொஞ்சம் விட்டு வைத்த பல் கிடைத்தால் நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

இனி உறுதியாக்கும் வேலை. பட்டியை எடுத்த இடமெல்லாம் வேர் பொடியாக உதிர்ந்தது. இதற்கு உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் நம்புவது பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். நிறமற்ற மணிகளாக வரும். அசிட்டோனில் கரைத்தால் மெல்லிய கரைசல் ஊறிப்போய் உறுதியாக்கும், கெட்டியாகக் கரைத்தால் அதுவே பசை. பெரிய குணம் என்னவென்றால் எத்தனை வருஷம் கழித்தும் அசிட்டோனில் மறுபடியும் கரையும். நான் செய்தது பிடிக்காத அடுத்தவர் அதைப் பிரித்துவிடலாம், என்னைப்போல் கொக்கியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தேன். 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்குள் உள்ள இணையப் பொருளுக்கும் 10 விழுக்காடு வரி உண்டு, கணக்குப் போடும்போது மறக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் குளிர்நாட்டு வழிமுறை உதைக்கிறது. 5 விழுக்காடு கரைசலைத் தூரிகையில் தொட்டு வேரில் வைத்தால் ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், சில நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று எழுதியிருப்பார்கள். இங்கே உறிஞ்சியது, காய்ந்தது, கூடவே வெள்ளையாகப் பனி படர்ந்தது. அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் அந்தக் குளிர்ந்த இடத்தில் நீர் படிகிறது, பிசின் வெளுத்துப்போகிறது. கெட்டுப்போனதாக நினைத்துப் பயப்பட வேண்டாம், அசிட்டோனை லேசாகத் தொட்டு வைத்தால் தெளிந்துவிடும். ஆனால் அதே காற்றில் செய்தால் மறுபடியும் வெளுக்கும். ஆவியாகும் வேகத்தைக் குறைப்பதுதான் வழி. கரைசலில் கொஞ்சம் எத்தனால் சேர்த்தேன். பல்லை முன்கூட்டியே சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து உலர்த்தினேன். காற்று கொஞ்சம் வறண்டிருக்கும் பிற்பகலில் பூசி, உடனே அதே டப்பாவுக்குள் வைத்து மூடியை லேசாகத் திறந்துவிட்டேன். வெளுப்பு வரவில்லை.

இரண்டாவது உதை சூடு. பி-72 இளகத் தொடங்கும் வெப்பநிலை 40 டிகிரி. லண்டனில் உட்கார்ந்து எழுதுபவருக்கு அது எட்டாத எண். எங்கள் ஜிங்க் கூரைக்கு அடியில் பிற்பகலில் வெப்பமானி 38, 39 என்று காட்டுகிறது. அந்தச் சூட்டில் கனமான பல்லின் ஒட்டு மெல்ல நழுவ வாய்ப்பு இருக்கிறது. வெப்பநாடுகளில் வேலை செய்யும் சிலர் இதற்காகவே 60 டிகிரி வரை தாங்கும் பி-44 வகையைப் பயன்படுத்துகிறார்கள். நான் பி-72-ஐயே வைத்துக்கொண்டு, பெட்டியை வீட்டின் நடுவறைச் சுவருக்கு மாற்றினேன். ஒட்டிய பல்லைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போவது மட்டும் கூடவே கூடாது.

இரண்டு துண்டையும் சேர்க்கக் கெட்டிப் பசை. ஒரு தட்டில் மணலைக் கொட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, பல்லின் கனமே ஒட்டை அழுத்தும்படி நிமிர்த்தி நட்டு வைத்தேன். கையை எடுத்துவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் கஷ்டம். நுனியை நான் செய்து வைக்கவில்லை. வலது வேரையும் திரும்ப ஒட்டவில்லை. ஒட்டில் ஓர் ஓரம் எனாமல் சிதறிப் பலவீனமாக இருந்தது. அங்கே மட்டும் பிசினில் கண்ணாடி நுண்குமிழ்த் தூளைக் கலந்து அடைத்தேன், பல்லின் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய நிறத்தில். யார் பார்த்தாலும் இது பின்னால் வைத்தது என்று தெரிய வேண்டும்.

இப்போது பல்லைப் பார்க்கிறவர்கள் "ஐயோ, உடைஞ்சிருக்கே" என்கிறார்கள். அதுதான் அதன் உருவம்.

சேகரிப்பவர்கள் அபூர்வம் என்று எதைச் சொல்கிறோம் என்பது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மெகலோடன் சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டு முன்னாலிருந்து 36 லட்சம் ஆண்டு முன்னால் வரை உலகின் பெரும்பாலான வெப்பக் கடல்களில் திரிந்த சுறா. அதன் பல் அபூர்வமே இல்லை, பெரிய முழுப் பல்தான் அபூர்வம். உண்மையில் அரிதானது வேறு. பாரோட்டோடஸ் பெனடெனி என்று ஒரு சுறா, திறந்த கடலில் திரிந்தது. எந்த ஊர்ப் படிவத்திலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் கிடைக்கும். தாடையின் இடது பாதியும் வலது பாதியும் நடுவில் சந்திக்கும் இடத்துக் குட்டிப் பல், காயம்பட்ட ஈறில் முளைத்துக் கோணிப்போன பல், இவையெல்லாம் சாதாரண வகையிலேயே அரிதானவை. பெருவின் பிஸ்கோ படிவத்தில் கிடைத்து 2012-இல் பெயரிடப்பட்ட கார்கரோடான் ஹப்பெல்லி, இன்றைய வெள்ளைச் சுறாவின் முன்னோர் வரிசையைக் காட்டும் பல். பெரு நாட்டில் புதைபடிவம் அரசின் சொத்து, எனவே எனக்குப் படமே போதும். ப்ளோரிடாவின் போன் வேலி பற்கள் நீலமும் மஞ்சளும் சாம்பலுமாக இருக்கும். நிறம் சுறாவுடையது இல்லை, புதைந்த மண்ணில் இருந்த தாதுக்களுடையது. ப்ளோரிடாவில் மற்ற முதுகெலும்பிப் புதைபடிவங்களுக்கு அனுமதி வேண்டும், சுறாப் பல்லுக்கு வேண்டாம். அதனால் அங்கிருந்து வருவதை வாங்க எனக்குத் தயக்கம் இல்லை.

நமக்குக் கிட்டத்திலேயே பெரிய சங்கதிகள் நடக்கின்றன. 2022-இல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று சுமத்ராவுக்குத் தெற்கே கோகோஸ் தீவுகள் பக்கம் 5 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வலை வீசி 750-க்கும் மேற்பட்ட சுறாப் பற்களை ஒரே வாரலில் எடுத்தது. பகாங்கில் கிரெட்டேசியஸ் காலத்துப் பாறைகளிலிருந்து நன்னீரில் வாழ்ந்த ஹைபோடான்ட் சுறாக்களின் பற்களை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். 2014-இல் மலேசியாவின் முதல் டைனோசர் பல் என்று அறிவித்ததும் பகாங்கிலிருந்துதான். தோண்டிச் சிதைத்துவிடுவார்கள் என்று இடத்தை அவர்கள் சொல்லவில்லை, சரியான முடிவு. எங்கள் தாத்தாவின் ஊர் பெரம்பலூர் பக்கம். அந்த வட்டாரத்தில் காரை என்ற இடத்துக் களிமண் மேடுகளில், சுமார் 10 கோடி ஆண்டுப் பழைய கடலின் சுறாப் பற்கள் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. இதைச் சொன்னதும் பெரியப்பா நம்பவே இல்லை. "அங்க குடிக்கவே தண்ணி கிடையாதுன்னுதானே கப்பல் ஏறினாங்க" என்றார்.

சரி, பெட்டி. பல்லைச் சேகரிப்பதைவிட இங்கே கஷ்டம் அதை வைத்திருப்பது. சாதாரண பாஸ்பேட் பல் ஈரத்தைத் தாங்கும், பூஞ்சையைத் துடைத்தால் போதும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற தாது கலந்த பல்தான் வில்லன். இங்கிலாந்தின் ஷெப்பி தீவில், லண்டன் களிமண்ணிலிருந்து வரும் பற்கள் அப்படி. காற்றில் ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பைரைட் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து கந்தக ஆசிட்டாகவும் இரும்பு சல்பேட்டாகவும் மாறுகிறது. வெளியே மஞ்சள் சாம்பல் பொடி, கந்தக வாடை, கீழே வைத்த சீட்டில் எரிந்த ஓட்டை. என்னிடம் உள்ள ஷெப்பி பல் ஒன்றில் இது தொடங்கியிருக்கிறது. இந்தப் பல்லைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பொடியைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, தனி டப்பாவில் அடைக்க வேண்டும்.

டப்பா என்றால் ரப்பர் விளிம்பு வைத்துக் கிளிப் போடும் சாப்பாட்டு டப்பா. உள்ளே வெள்ளைப் பாலிஎத்திலீன் நுரைத் தாளில் பல்லின் வடிவத்துக்குக் குழி வெட்டி வைத்தேன். ஓரத்தில் துணிப்பையில் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள், பழைய நீல வகையில் கோபால்ட் இருக்கிறது. பச்சையானதும் கேக் சுடும் அவனில் 110, 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மறுபடியும் ஆரஞ்சாகும். ஈரமானி கடையில் மலிவாகக் கிடைக்கும், எண்ணைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, ஈரமானியோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக மூடி வையுங்கள். அடுத்த நாள் உள்ளே 75 விழுக்காடு இருக்கும், அது உப்பின் குணம். என் ஈரமானி 69 காட்டியது. அதனால் எப்போதும் 6 கூட்டிக்கொள்கிறேன்.

ஜாவா பல் இப்போது நடுவறையில், அதன் சீட்டோடும் பாறைத் தூள் குப்பியோடும் ஒரே டப்பாவில் இருக்கிறது. கழற்றிய ரெசின் நுனியையும் எறியவில்லை, பள்ளியில் காட்ட வேண்டும் என்று அக்கா மகள் வாங்கிக்கொண்டு போனாள். அந்நிய வேருக்குத் தனிக் குப்பி, தனிச் சீட்டு: மேற்கு ஜாவா எனலாம், உறுதி இல்லை, வேறொரு பல்லுடையது. அடுத்த வேலை ஷெப்பி பல். அதற்கு அம்மோனியா ஆவி காட்டி ஆசிட்டை முறிக்க வேண்டும். அந்த வாடைக்கு வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.